நாக்குக்கு எத்தனை புள்ளி?

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறி ஆட்டையாம்பட்டியில் இறங்குங்கள். எந்தக் கடையில் முறுக்கு நன்றாக இருக்கும் என்று மூன்று பேரிடம் கேட்டால் மூன்று கடை சொல்வார்கள். நான்காவதாக ஒருவர் குறுக்கே வந்து, "கடையில எதுக்குங்க வாங்கறீங்க, எங்க தெருவுலயே ஒரு வீட்டுல சுத்தறாங்க, அங்க வாங்க" என்பார். கைமுறுக்குக்குப் பேர்போன ஊர் இது. அரிசி மாவைப் பதமாகப் பிசைந்து, விரல்களுக்கு நடுவே முறுக்கி முறுக்கிச் சுற்றுச் சுற்றாக இடுகிற கைவேலை. ஒரே மாவு, ஒரே எண்ணெய் என்றாலும் ஒருவர் கை இன்னொருவருக்கு வராது.

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு உண்டு. அப்பாவுக்கு முறுக்கைக் கடித்தால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்க வேண்டும். பெரியப்பாவுக்கு வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டும். ஆளுக்கொரு கடை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் வாதாடினார்கள். "அவனவன் நாக்கு அவனவனுக்கு, விடுங்கடா" என்று அப்பாயி அவ்வப்போது தீர்ப்புச் சொல்வார். ஆனால் முறுக்கில் உப்பு தூக்கலாக இருந்தாலோ, எண்ணெய் பழசாக இருந்தாலோ அதே அப்பாயி அப்படி விட்டுவிட மாட்டார். அது யாருக்குப் பிடித்த கடையாக இருந்தாலும் சரி, பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிடுவார். எது சிறந்தது என்பதில் ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தவர், எது கெட்டது என்பதில் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சுவையில் பொதுவான அளவுகோல் உண்டா, இல்லை எல்லாம் அவரவர் பழக்கமா என்ற கேள்விக்கு அப்பாயியின் இந்த இரட்டை நிலைதான் சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன். உலகத்தில் இந்தக் கேள்வியை அதிகச் செலவிலும் அதிகச் சத்தத்திலும் விவாதித்தவர்கள் ஒயின்காரர்கள். நமக்கும் ஒயினுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்பது பிராந்தியும் பீரும் விற்கிற இடத்தின் பெயர். அங்கே போய் ஒயின் கேட்பவர் அபூர்வம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்றாலும் நாம் அதைப் பழமாகத்தான் அறிவோம். அதனால் என்ன? சோதனைகள் ஒயின் உலகத்தில்தான் நடந்திருக்கின்றன. அவற்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன் உள்ளூர்ச் சரக்கு ஒன்று. ஆட்டையாம்பட்டியைச் சுற்றி ராசிபுரம், மல்லசமுத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளிக்கு இங்கே அதுதான் பேர். கிழங்கு சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்குப் போனதும் அதற்குப் 'பாயிண்ட்' பார்ப்பார்கள். வண்டியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு எடை போடுவது அதன் முறை. மாவுச்சத்து கூடக்கூடக் கிழங்கின் அடர்த்தி கூடும். தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும். அந்தப் புள்ளிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டு விலை. விவசாயிக்கும் ஆலைக்கும் சண்டை வராமல் இல்லை. எந்தக் கிழங்கை எடுத்தாய், தராசு சரியா, புள்ளிக்கு விலை ஏன் குறைந்தது என்று வருடா வருடம் வரும். ஆனால் இருபத்தெட்டு பாயிண்ட் என்றால் என்ன என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. தராசை மாற்றி வைத்து இன்னொரு முறை பார்க்கலாம். அளந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அந்தப் புள்ளியை மாற்றாது.

இப்போது ஒயினுக்கு வருவோம். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1978-இல் ஒயினுக்கென்று ஓர் இதழ் தொடங்கி, ஒவ்வொரு ஒயினுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். பள்ளிக்கூடத் தேர்வுத்தாள் திருத்துவதுபோல. வேடிக்கை என்னவென்றால் அந்த நூறு ஐம்பதில்தான் தொடங்குகிறது. எவ்வளவு மோசமான ஒயினுக்கும் ஐம்பது உறுதி. அதற்கு முன்பே கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இருபது புள்ளி அட்டவணை ஒன்று வைத்திருந்தார்கள். தெளிவுக்கு இவ்வளவு, மணத்துக்கு இவ்வளவு, புளிப்புக்கு இவ்வளவு என்று பிரித்துக் கூட்டுவார்கள். அதன் நோக்கம் பெரும்பாலும் குறைகளைப் பிடிப்பது. பார்க்கரின் நூறு அப்படியில்லை, அது சிறப்பை வரிசைப்படுத்தியது. வாங்குகிறவருக்கு அது குச்சிக்கிழங்குப் பாயிண்ட் மாதிரியே தெரிந்தது. 92 என்றால் 89-ஐவிட மூன்று புள்ளி கூட, அவ்வளவுதான். விலையும் அந்தப் புள்ளியின் பின்னாலேயே ஓடியது.

அந்தப் புள்ளியைத் தராசு மாற்றி நிறுத்துப் பார்த்தவர் ராபர்ட் ஹாட்ஜ்சன். கடலியல் பேராசிரியராக இருந்து, சின்ன அளவில் ஒயினும் தயாரித்தவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்குவதும் இன்னொரு போட்டியில் ஒன்றுமே வாங்காததும் அவருக்கு உறுத்தியது. 2005 முதல் கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கே தெரியாமல், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை முப்பது கோப்பைகளுக்கு நடுவே மூன்று முறை வைத்துப் பார்த்தார். 2008-இல் முடிவை வெளியிட்டார். மூன்று கோப்பைக்கும் ஒரே பதக்க எல்லைக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். இன்னொரு பத்தில் ஒருவர் அதே ஒயினுக்கு ஒரு தரம் வெண்கலமும் இன்னொரு தரம் தங்கமும் கொடுத்திருந்தார்கள். இவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல, தொழிலிலேயே ஊறியவர்கள்.

இதே ரகத்தில் இன்னும் உண்டு. பிரான்சின் போர்டோவில் 54 ஒயின் மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தபோது, மணத்தை விவரிக்க அவர்கள் எடுத்த சொற்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கு உரியவை. 2001-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2008-இல் கலிபோர்னியாவில் இன்னொன்று. ஐந்து டாலர் ஒயினையே நாற்பத்தைந்து டாலர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குடித்தவர்கள் அதிக விலை சொன்ன கோப்பை ருசி என்றார்கள். மூளையைப் படம் எடுத்தால், இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் அந்தக் கோப்பைக்குக் கூடுதலாகவே வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டதும் உண்மையாகவே இனித்திருக்கிறது. அதே ஆண்டு, விலையை மறைத்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முறை ருசி பார்த்த கணக்கை அலசியதில், பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடின ஒயின் ஒரு பொட்டு குறைவாகவே பிடித்திருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்தாயா, எல்லாம் ஏமாற்று என்று சிரிப்பது சுலபம். பத்திரிகைகள் அப்படித்தான் சிரித்தன. எனக்கு அந்தச் சிரிப்பில் முழுச் சம்மதம் இல்லை. முப்பது முறுக்கை வரிசையாகக் கடித்து ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் ஆட்டையாம்பட்டியில் பிறந்து வளர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் அவர்களுக்கு முறுக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சியாகாது. கேட்ட கேள்வியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு தேநீர்க் கதை இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்பதை ருசியை வைத்தே சொல்லிவிடுவேன் என்றார். பக்கத்திலிருந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் நம்பவில்லை. 1935-இல் எழுதிய நூலில் அதையே ஒரு சோதனையாக வடித்தார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், கலைத்து வைத்துக் கொடுக்க வேண்டும். குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புத்தான். இதில் எந்தத் தேநீர் நல்லது என்று ஒருவரும் கேட்கவில்லை. வித்தியாசம் தெரிகிறதா, இல்லையா? அதோடு சரி.

இன்றைக்கு உணவு ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் நடக்கின்றன. மூன்று மாதிரி கொடுத்து, இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு, எது வேறு என்று கேட்பது ஒரு வகை. எவ்வளவு பிடித்தது என்று ஒன்பது படிகளில் கேட்பது இன்னொரு வகை. இது அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்கள் தட்டில் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்ற கவலையில் உருவாக்கிக்கொண்டது. பயிற்சி பெற்ற குழுவிடம் முதல் கேள்வியைத்தான் கேட்பார்கள். பிடித்ததா என்று அவர்களிடம் கேட்கவே கூடாது என்பது விதி. பிடித்ததா என்பதைப் பயிற்சியில்லாத நூறு பேரிடம் கேட்பார்கள். ஒயின் நடுவரின் நூற்றுக்கு 92 இந்த இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு ஆட்டிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அங்கேதான்.

சரி, வித்தியாசம் எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரியுமா என்றால், அதுவும் இல்லை. 1931-இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு வேதிப்பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கசப்பை உணர்வதும் உணராமல் போவதும் பெற்றோரிடமிருந்து வருவது என்று பிறகு தெரிந்தது. 2003-இல் அதற்கான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். கசப்புக்கு ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருப்பதற்கு வளர்ப்பை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதில் முறுக்குக்கு நேராக வருகிற ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. 2004-இல் ஆக்ஸ்போர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கக் கொடுத்து, கடிக்கிற சத்தத்தை ஒலிவாங்கியில் பிடித்து, அதைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கடிப்பவரின் காதிலேயே திருப்பிப் போட்டார்கள். சத்தம் கூடினால் சிப்ஸ் அதிக மொறுமொறுப்பு, புதுசு என்றார்கள். சத்தம் மங்கினால் நமுத்துப்போனது என்றார்கள். சிப்ஸ் ஒன்றுதான். மொறுமொறுப்பு என்று நாம் நாக்கில் வைத்துப் பேசுவதில் பாதி காதில் இருக்கிறது. என் அப்பா இதைப் படித்திருந்தால் பெரியப்பாவிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பார். அவர் கேட்டது சத்தத்தை. இவர் பார்த்தது உதிர்வதை. இருவரும் வேறு வேறு பொருளை மொறுமொறுப்பு என்ற ஒரே சொல்லால் அழைத்து நாற்பது வருடம் கழித்துவிட்டார்கள்.

சொல் ஒன்றுபட்டால் தீர்ப்பும் கொஞ்சம் ஒன்றுபடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்கு ஏற வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வருகிற மாதிரிகளை ருசி பார்க்கிறவர்கள் நீளமான மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு நகர்வார்கள். ஒரு கோப்பைக்குச் சில நொடிகள்தான். இந்த வேலைக்குத் தேநீர் போடும் முறைக்கே உலகத் தரநிலை உண்டு. நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம். அப்படிப் போட்ட டீயை நம் ஊர் டீக்கடையில் கொடுத்தால் கிளாஸ் திரும்பி வரும். நல்ல டீ போடுவது அந்த விதியின் நோக்கமே இல்லை. எல்லாத் தூளையும் ஒரே நிலையில் நிறுத்திக் குறையை வெளியே வரவழைப்பதுதான். தூள் காய்ச்சலில் கருகியதா, புளிப்பு தட்டுகிறதா, ஈரம் ஏறிப் பூஞ்சை வாடை வருகிறதா என்பதில் அந்த மேசைக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். அதற்கு அப்பால் வாங்குகிறவரின் சந்தை பேசும். ஒரு ஊருக்கு நிறம் வேண்டும், இன்னொரு ஊருக்கு மணம் வேண்டும். ஒரே தூளுக்கு இரண்டு விலை வருவதில் அங்கே யாருக்கும் வெட்கமில்லை. நாங்கள் கண்டது உண்மை மதிப்பு என்று அவர்கள் சொல்வதும் இல்லை.

குறையில் ஒத்துப்போவது ஏன் என்பதற்கு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757-இல் எழுதிய கட்டுரையில் டான் குயிக்சாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். பீப்பாய் ஒயினை இருவர் ருசி பார்க்கிறார்கள். ஒருவர், நல்லதுதான், லேசாகத் தோல் வாடை என்றார். மற்றவர், இரும்பு வாடை என்றார். கூட்டம் சிரித்தது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல் வார் கட்டிய பழைய சாவி கிடந்தது. ருசிக்குச் சாட்சி சொல்ல ஒரு சாவி இருக்கலாம் என்பது ஹியூமின் வாதம். எனக்குப் படுவது: குறைகளுக்குச் சாவி கிடைக்கும், சிறப்புகளுக்குக் கிடைப்பது கடினம். ஒயினில் ஈரக் கோணிச் சாக்கு வாடை வந்தால் தக்கையில் உண்டான டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று 1980-களின் தொடக்கத்தில் கண்டார்கள். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கருவியும் அதை ஒப்புக்கொள்ளும். முறுக்குக்கும் சாவி உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கையடக்கக் கருவியைச் சட்டிக்குள் விட்டால் எண் காட்டும். கருவி வருவதற்கு முன்பே 'காரல் அடிக்குது' என்று மூக்குகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

ஆனால் அளக்க முடிவதெல்லாம் நல்ல அளவுகோலும் இல்லை. அதற்குச் சாட்சி மறுபடியும் நம் சேகோ. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து உருட்டத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்தது. உற்பத்தியாளர் மூட்டைகளைக் கிடங்கில் சேர்க்க, மாதிரி பார்த்து வியாபாரிகள் விலை கூறினார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. சரக்கு பெரும்பாலும் வடக்கே, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்கு விரத நாள் கிச்சடிக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவர் முதலில் பார்ப்பது வெள்ளையை. வெண்மை கண்ணுக்குத் தெரியும், கருவியில் எண்ணாகவும் வரும், ஒருவர் விருப்பு வெறுப்பும் அதில் கலக்காது. அந்த எண்ணைத் துரத்தித்தான் சிலர் கிழங்கைத் தோலோடு அரைத்துவிட்டு, மாவை ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலை ஆலையாகப் போய் மாவைக் கைப்பற்றியதும், தோல் உரித்துத்தான் அரைக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும் அதன் பிறகு. வெளுக்காத ஜவ்வரிசி கொஞ்சம் மங்கல். வேகவைத்துச் சாப்பிட்டால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிற இடத்தில் அது தோற்றுவிடும். போர்டோ மாணவர்களுக்குச் சிவப்புச் சாயம், நமக்கு வெள்ளைச் சாயம்.

அப்படியென்றால் சிறப்பைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், ஆனால் ஒற்றை ஆள் ஒற்றை நாளில் போட்ட எண்ணை வைத்துப் பேசக் கூடாது என்பேன். பிரின்ஸ்டனின் பொருளியலாளர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர் போர்டோ ஒயின்களின் ஏல விலைகளை எடுத்து, எந்த வருடத்துச் சரக்கு காலப்போக்கில் விலையேறியது என்று பார்த்தார். குளிர்காலத்தில் நல்ல மழை, விளையும் பருவத்தில் வெயில், அறுவடைக்கு முன் வறட்சி என்று இருந்த வருடங்கள்தான் மேலே வந்தன. ஒருவர்கூட வாயில் வைக்காமலே வானிலைக் கணக்கு அதைச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு நாக்கும் தடுமாறுகிறது. ஆயிரம் நாக்குகள் இருபது முப்பது வருடம் தடுமாறிய பிறகு மழை அளவோடு ஒத்துப்போகிற ஒரு தீர்ப்பு மிஞ்சுகிறது. சேலத்துக்காரர்கள் மல்கோவாவை மற்ற மாம்பழங்களுக்கு மேலே வைத்ததும் எந்த நடுவர் குழுவின் மதிப்பெண்ணாலும் அல்ல.

ஆட்டையாம்பட்டி முறுக்குக்குப் பேர் வந்ததும் அந்த வழியில்தான். மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியபோது எங்கள் பக்கத்தில் சிலருக்கு மனத்தாங்கல். அந்த ஊர்த் தண்ணீரின் உவர்ப்புத்தான் ருசி என்கிறார்கள். இரண்டு ஊர் முறுக்கையும் பேர் மறைத்துத் தட்டில் வைத்து எது எது என்று கேட்டால் எங்கள் பெரியப்பா கண்டுபிடித்திருப்பார். கனமும் சுற்றின் நெருக்கமும் வேறு. எது மேல் என்று கேட்டிருந்தால் ராத்திரி சாப்பாடு தள்ளிப்போயிருக்கும்.

அப்பாயிக்குக் கடைசிப் பத்து வருடம் வாயில் பல் இல்லை. முறுக்கை வெற்றிலை இடிக்கிற சின்ன உரலில் போட்டு இடித்து, தூளை விரல் நுனியால் எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். அப்பா சொன்ன சத்தமும் பெரியப்பா சொன்ன உதிர்தலும் உலக்கையோடு போய்விடும். மிஞ்சுவது மாவும் எண்ணெயும் உப்பும் வாசமும்தான். ஒரு தீபாவளிக்கு இருவரும் அவரவர் கடை முறுக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டையும் தனித்தனியாக இடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் புது எண்ணெதான், தின்னுங்க" என்றார். எது நல்லா இருக்குதுன்னு சொல்லு என்று அப்பா விடாமல் கேட்டார். அப்பாயி உரலைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.